தந்தியில் இரண்டே உறவு

இங்கிலீஷ்காரர்கள் எதற்கெடுத்தாலும் தேங்க்யூ சொல்வார்கள் என்று தானா ராத்தா டவுன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கடைக்காரருக்குத் தேங்க்யூ, பஸ் டிரைவருக்குத் தேங்க்யூ, கதவைத் திறந்துவிட்டவருக்குத் தேங்க்யூ. படித்ததை அன்றைக்கே வீட்டில் நடத்திப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. சாயந்திரம் அம்மா அடுப்படியிலிருந்து தேத்தண்ணி நீட்டியபோது, “தேங்க்யூம்மா” என்றேன்.

அம்மா டம்ளரை விடவில்லை. “என்னாது?”

“நன்றின்னு அர்த்தம்மா.”

“நன்றியா? ஏன், நான் என்ன இங்க கடையா போட்டு ஒக்காந்திருக்கேன்?”

இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நன்றி என்பது வேற்று ஆளுக்குச் சொல்வது. பெற்றவளுக்குச் சொன்னால் அவளை வாசலில் நிறுத்திவைத்த மாதிரி. இது எனக்குத் தெரியாதது இல்லை. இங்கிலீஷ் தலைக்கேறியிருந்ததால் மறந்துபோயிருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா கொழுந்து லோரி ஓட்டினார். மலைச்சரிவில் பறித்த கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. தமிழ்ப் பள்ளியில் ஆறாவது முடித்து, ரிமூவ் கிளாஸ் என்ற பெயரில் ஒரு வருடம் இங்கிலீஷோடு மல்லுக்கட்டி, இரண்டாம் பாரத்தில் வந்து உட்கார்ந்திருந்தேன் நான். எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், அவ்வளவு தூரம் வந்த முதல் பெண் நான்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. எனக்குப் பின்னால் பிறந்த இருவரும் அப்போது சின்னக் குழந்தைகள். இந்த விஷயத்தில் அவர்களுக்குப் பங்கில்லை.

எங்கள் வீட்டின் முக்கியமான இடம் அடுப்படிதான். வெளியே குளிர் எலும்பைத் தொடும். அம்மா விடியுமுன் எழுந்து அடுப்பை மூட்டி, சோறு வடித்து, நெத்திலிச் சம்பலோ முட்டைக்கோஸ் பொரியலோ செய்து தூக்குவாளியில் அடைத்து, பெரட்டுக்குப் போவாள். பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுத்து அவரவருக்கு வேலை பிரித்துக் கொடுப்பது. அதற்கு ஐந்து நிமிடம் தாமதமானாலும் அன்றைய வேலை போய்விடும். சாயந்திரம் எல்லோரும் திரும்பியபின் அடுப்பைச் சுற்றித்தான் எங்கள் குடும்பமே. ஈர உடுப்பு அங்கேதான் காயும். நான் அங்கேதான் படிப்பேன். படித்ததை அப்பாவிடமும் அம்மாவிடமும் ஒப்பிப்பேன். அவர்கள் சும்மா கேட்டுக்கொள்வதில்லை, குறுக்கு விசாரணை செய்வார்கள்.

‘யூ’ என்ற சொல்லை நான் விளக்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. நீ, நீங்க எல்லாம் அங்கே கிடையாது, எல்லோருக்கும் ஒரே யூதான் என்றேன். எங்கள் துரை, அதாவது தோட்ட மேனேஜர், அப்போது ஒரு வெள்ளைக்காரர். பங்களாவில் ஒரு நாய் வைத்திருந்தார்.

“நாயவும் யூன்னுதான் கூப்பிடுவாரா?” என்றாள் அம்மா.

“ஆமாம்மா.”

“அவரு பொண்டாட்டிய?”

“யூதான்.”

“அப்ப நானும் தொரைய யூன்னு சொல்லலாமா?” என்று அப்பா கேட்டார்.

“சொல்லலாம்பா. இங்கிலீஷ்ல அது தப்பே இல்ல.”

“மொதல்ல நீ சொல்லு பாப்போம். அப்பறம் நான் சொல்றேன்லா.”

‘வீ’ என்ற சொல்லில் அப்பாவுக்குத் தீராத சந்தேகம். ‘வீ மஸ்ட் ஃபினிஷ் பை சாட்டர்டே’ என்று துரை பெரட்டில் சொல்வார், ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி அதை ‘சனிக்கெழமக்குள்ள முடிக்கணும்’ என்று மொழிபெயர்ப்பார். அப்பா வீட்டுக்கு வந்து கேட்பார்: “நாமன்னு சொல்றாரா, நாங்கன்னு சொல்றாரா? தொரையும் சேந்து மூட்ட தூக்குவாரா?” நான் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். துரை மூட்டை தூக்குவாரா மாட்டாரா என்பதற்கு அதில் விடை இல்லை. எங்களுக்கு எப்படியும் விடை தெரிந்தே இருந்தது.

தமிழை மட்டும் தூக்கிப் பிடிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் மலையில் வருடம் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் நிற்பது பனி. புல்லில் இருந்தாலும் பனி, மரத்தை மறைத்தாலும் பனி, லோரிக்கு முன்னால் பாதையே தெரியாமல் அடைத்தாலும் பனி. இங்கிலீஷில் இதற்கெல்லாம் தனித்தனி சொல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாஷையும் ஏதோ ஒன்றில் தாராளம், ஏதோ ஒன்றில் கஞ்சத்தனம். இங்கிலீஷ் பனிக்கும் தேங்க்யூவுக்கும் அள்ளிக் கொடுக்கும். சொந்தபந்தம் என்று வந்துவிட்டால் முந்தானையை முடிந்துகொள்ளும்.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் ஒரு மரம் வரைந்து சொந்தங்களை அதில் தொங்கவிட்டார்கள். ஃபாதர், மதர், பிரதர், சிஸ்டர். அதற்குப் பக்கத்தில் அங்கிள், ஆன்ட்டி, கசின். அவ்வளவுதான். நான் அதை அப்படியே நோட்டில் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கினேன். அடுப்படியில் காட்டியபோது அம்மா விரலை அங்கிளின் மேல் வைத்து, “இது யாரு?” என்றாள்.

“சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமா, அத்த வீட்டுக்காரரு, எல்லாரும்.”

“மாமனும் சித்தப்பனும் ஒண்ணா?” அம்மாவுக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. “அப்ப அந்த ஊருல யாரு யாரக் கட்டிக்கிறதுன்னு எப்புடித் தெரியும்?”

நான் சிரித்தேன். படிக்காத அம்மா இப்படித்தான் கேட்பாள் என்று நினைத்தேன். அந்தக் கேள்வியை அன்றே கொஞ்சம் யோசித்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

அப்பாவுக்கு ஒரு சித்தப்பா இருந்தார். எனக்குத் தாத்தா முறை. மலைக்குக் கீழே, பீடோர் பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அப்பாவின் அம்மா பிரசவத்தில் போய்விட்டார். அப்பாவுக்கு ஆறு வயதாகும்போது அவரைப் பெற்ற அப்பாவும் போய்விட்டார். அந்தச் சித்தப்பாதான் தூக்கி வளர்த்தது. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய், மரத்தடியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்துவிட்டு வேலை செய்வாராம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வருகிறவள் இந்தப் பையனை எப்படி வைத்துக்கொள்வாளோ என்ற பயம். அப்பா வளர்ந்து, லோரி ஓட்டக் கற்று, மலைக்கு வேலை கிடைத்து வந்தபின்னும் அவர் அந்த ஒற்றை ஆளாகவே கீழே இருந்துவிட்டார். தோட்டத்தில் யாராவது ‘ஒனக்கு யாருய்யா இருக்கா’ என்று சீண்டினால், “எனக்குக் கொள்ளி வைக்க ஒருத்தன் மேல குளுருல இருக்கான்லா” என்பாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் ஓங்கிவிடும் என்று அப்பா சொல்வார்.

ஒரே ஒரு தடவை பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் ஸ்வெட்டர், அதன் மேல் இன்னொரு ஸ்வெட்டர், தலையில் துண்டு என்று மூன்று நாளும் அடுப்பை விட்டு நகரவில்லை. “இந்தக் குளுருல மனுசன் இருப்பானா? முட்டகோஸுதான் இருக்கும்” என்றார். நான் இங்கிலீஷ் படிப்பதைப் பார்த்து என்னைக் கிராணிம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். “கிராணிம்மா, எனக்கு இங்கிலீஷுல என்னா பேரு?” என்று கேட்டார்.

“அப்பாவுக்கு நீங்க அங்கிள், தாத்தா.”

“நான் பஸ்ஸு எறங்குனப்ப தானா ராத்தாவுல கடக்காரர அப்படித்தான கூப்புட்ட?”

“அதுவும் அங்கிள்தான்.”

“சரி. சாமான் வாங்க வந்தா கொறச்சுக் குடுக்குறேன்” என்று சொல்லித் தானே சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்பா அவர் பக்கத்தில் தரையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். வேறு யார் முன்னாலும் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இனி தந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டங்களில் தந்தி வந்தால் அதில் இரண்டே உறவுதான் இருக்கும். ஃபாதர், இல்லாவிட்டால் மதர். ‘ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி.’ ‘மதர் எக்ஸ்பயர்ட்.’ பெரியப்பா படுத்தாலும் ஃபாதர், சின்னம்மா போனாலும் மதர். காரணம் எல்லோருக்கும் தெரியும். அப்பா, அம்மா, கட்டினவர், பெற்ற பிள்ளை, இவர்களுக்கு என்றால் மட்டும்தான் ஆபீசில் உடனே லீவு கிடைக்கும். அது துரைமார் எழுதிவைத்த சட்டம். அதனால் மேல் தோட்டமோ கீழ்த் தோட்டமோ, எந்தக் கிராணி தந்தி எழுதிக் கொடுத்தாலும் இப்படித்தான் எழுதுவார். அடித்த ஊரைப் பார்த்து, இது இன்னார் என்று வாங்கினவர்கள் புரிந்துகொள்வார்கள். எங்கள் லயத்தில் ஒருவருக்கு ஏழெட்டு வருடத்தில் மூன்று மதர் இறந்துபோனார்கள். மூன்றாவது தடவை துரை தாளை எடுத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். இதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. மூன்று பேரையும் அவர் அம்மா என்று கூப்பிட்டுத்தான் வளர்ந்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அப்பாவுக்குத் தந்தி வந்தது. பீடோரிலிருந்து. ‘ஃபாதர் சீரியஸ்.’

வழக்கமாக இப்படித் தந்தி வந்தால் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனால் போதும். எங்கள் கிராணி, வயதான மனிதர், லீவுக்கான கடிதத்தை அவரே இங்கிலீஷில் எழுதி, துரை மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவார். அந்த வாரம் பார்த்து அவர் கண் வைத்தியத்துக்கு ஈப்போ போயிருந்தார். அவர் இடத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் வேலைக்குப் புதுசு. “கடிதம் எழுதிக் காலையில கொண்டாங்க, தொரைகிட்ட குடுக்குறேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்பா வீட்டுக்கு வந்து ஃபூல்ஸ்கேப் தாளை என் முன்னால் வைத்தார். “எழுதும்மா. அப்பாவுக்கு ரொம்ப முடியல, ஒடனே போவணும், மூணு நாளு லீவு வேணும்.”

நான் பேனாவைத் திறந்தேன். ரெஸ்பெக்டட் சார் என்று அழகாக எழுதினேன். பிறகு நிறுத்தினேன். “யாருக்குப்பா முடியல? பீடோர் தாத்தாவுக்கா?”

“ஆமா.”

“அப்ப அங்கிள்னுதான எழுதணும்.”

“கிராணி அப்பான்னுதான்மா எழுதுவாரு.”

“அது தப்புப்பா. ஒங்க அப்பாதான் செத்துட்டாரே. இங்கிலீஷ்ல அவரு அங்கிள். ஃபாதர்னு எழுதுனா பொய் சொன்ன மாதிரி.”

அம்மா சோற்றைக் கிளறிக்கொண்டே, “அவரு சொல்றத எழுதேன்” என்றாள்.

நான் நோட்டை எடுத்து அந்த மரத்தைக் காட்டினேன். பத்துக்குப் பத்து மார்க்கையும் காட்டினேன். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தன் மகள் எழுதினதைத் தன்னால் படிக்க முடியவில்லை என்பதில் அவருக்குப் பெருமைதான் இருந்தது. அதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

“ஒனக்குத்தான தெரியும். எழுது” என்றார்.

எழுதினேன். ‘மை அங்கிள் இஸ் சீரியஸ்லி இல்.’ ஒரு பிழை கிடையாது. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

காலையில் பள்ளி பஸ் ஆபீசுக்கு முன்னால்தான் நிற்கும். நான் பையோடு நின்றுகொண்டிருந்தேன். அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்குக் கீழே நின்றார். துரை ஒரு கையில் தந்தியும் ஒரு கையில் என் கடிதமுமாக வெளியே வந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். யார் எழுதியது என்று புதுக் கிராணியிடம் கேட்டார். அவர் என்னைக் காட்டினார்.

நான் முன்னால் போனேன். தந்தியில் ஃபாதர், கடிதத்தில் அங்கிள், எது சரி என்று துரை கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ‘ஃபாதர், சார்’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். நான் முழு விளக்கமும் கொடுத்தேன். அங்கிள்தான் சரி, சார். அவர் என் அப்பாவுடைய அப்பாவின் தம்பி, சார். என் அப்பாவின் ஃபாதர் பல வருடம் முன்னாலேயே இறந்துவிட்டார், சார்.

“யுவர் இங்கிலீஷ் இஸ் வெரி குட்” என்றார் துரை.

எனக்குக் கால் தரையில் இல்லை. அடுத்து அவர் பேசியதையும் சந்தோஷமாகவே கேட்டுக்கொண்டேன். கொழுந்து அதிகமாக வருகிற வாரம், இன்னொரு லோரி டிரைவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார், அப்பா என்றால் விட்டுவிடலாம், அங்கிள் என்பதால் சனிக்கிழமை வேலை முடித்துப் போகட்டும். இதை உன் அப்பாவிடம் சொல் என்றார். நான்தான் சொன்னேன். துரை சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு துரையைப் பார்த்து, “சரிங்க தொரை” என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு லோரியை எடுக்கப் போனார். கேட்காமல் போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். இதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்து, துரை என் இங்கிலீஷைப் புகழ்ந்ததைப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று நான் அப்படித்தான் இருந்தேன்.

வியாழக்கிழமை இரண்டாவது தந்தி வந்தது. ‘ஃபாதர் எக்ஸ்பயர்ட் ஃபியூனரல் டுடே.’ கீழ்த் தோட்டத்துக் கிராணி விடாமல் ஃபாதர் என்றே எழுதியிருந்தார். அது மதியத்துக்குமேல் ஆபீசுக்கு வந்து, அப்பா தூரத்து மலையில் லோரியோடு இருந்ததால் கைக்குக் கிடைக்க நான்கு மணி ஆகிவிட்டது. துரையே ஜீப்பில் போய்க் கொடுத்தாராம். ஒடனே கெளம்பு என்று கையைக் காட்டினாராம்.

அப்பா வீட்டுக்கு வந்து சட்டை மாற்றிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். “தொரை ரெண்டு தடவ சாரின்னாரு.” பிறகு என்னைப் பார்த்து, “மன்னிப்பு கேக்குறாரா, வருத்தப்படுறாரா?” என்றார்.

இங்கிலீஷில் காலை மிதித்தாலும் சாரி, ஆள் செத்தாலும் சாரி. நான், “வருத்தப்படுறாருப்பா” என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். ஆனால் எங்கள் வீட்டில் நன்றி எப்படி இல்லையோ அப்படியே மன்னிப்பும் கிடையாது. அந்தச் சொல்லை எங்களில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. அப்பா போய்விட்டார்.

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. மேலே திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்குகிற லோரியைப் பிரிஞ்சாங்கில் நிறுத்தி, முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அடிவாரத்தில் தாப்பா வரைக்கும் போயிருக்கிறார். அங்கிருந்து இன்னொரு லோரி. அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகன் வருவான் வருவான் என்று ஐந்து மணிவரை வைத்திருந்தார்களாம். பொழுது இறங்குகிறது, மழை வேறு கட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கொண்டு கொள்ளி வைத்துவிட்டார்கள்.

செவ்வாய் இரவிலிருந்து புதன் மாலைவரை அவருக்கு நினைவு இருந்ததாம். தந்தி போயாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். இதை அப்பா சொல்லவில்லை. பல மாதம் கழித்து அந்தத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் அம்மாவிடம் சொல்ல, நான் அடுப்படியில் இருந்தபடி கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மொட்டை அடித்துக்கொண்டு திரும்பி வந்தார். கொள்ளி வைக்காதவர் மொட்டை போட வேண்டியதில்லை. போட்டுக்கொண்டிருந்தார். குளிருக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால், அன்றைக்கு அவர் சித்தப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். “பள்ளிக்கூடம் போனியா?” என்று கேட்டார். போனேன் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

திங்கட்கிழமை பழைய கிராணி ஈப்போவிலிருந்து திரும்பி, அப்பாவின் தலையைப் பார்த்துவிட்டு, கண்ணில் கட்டோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். “எந்த மடையன் அங்கிள்னு எழுதுனது?” என்று வாசலிலேயே கேட்டார்.

“நான்தான் எழுதச் சொன்னேங்க” என்றார் அப்பா.

கிராணி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. “நான் இத்தன வருசமா ஃபாதர்னு எழுதுறது எனக்கு அங்கிள் தெரியாமலா?” என்றார். அப்பா நின்ற நிலையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனபின் அப்பா எனக்கு ஆறுதல் மாதிரி ஒன்று சொன்னார். “நீ எழுதுனதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா. சரியாத்தான எழுதுன.” திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். சரி என்று சொன்னதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வெகு நாள் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நோட்டை அடுப்பில் போட்டேன். இங்கிலீஷின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாமா என்றும் யோசித்தேன். அந்த பாஷைக்குத் தெரியாததை அது சொல்லவில்லை, அதன்மேல் என்ன கோபம்? ஆனால் அவர் அப்பாவுக்கு யார் என்று எனக்குத் தெரியும். அடுப்புக்கு முன்னால் அந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். பார்த்துவிட்டு அங்கிள் என்று எழுதினேன்.

அப்பா அதன்பிறகு சித்தப்பாவைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். கேட்டால் பதில் சொல்வார், தானாக எடுக்கமாட்டார். அடுப்படியில் என் இங்கிலீஷைக் குறுக்கு விசாரணை செய்வதும் நின்றுபோனது. நானும் ஒப்பிப்பதை நிறுத்தியிருந்தேன்.

ஐந்தாம் பாரம் முடித்தபின் எங்கள் தோட்டத்து ஆபீசிலேயே எனக்கு வேலை கிடைத்தது. பழைய கிராணி ஓய்வு பெறுகிறவரை அவர் பக்கத்து மேசையில் இருந்தேன். பிறகு தந்தியும் லீவுக் கடிதமும் எழுதுகிற வேலை எனக்கே வந்தது. எண்பதுகளில் எங்கள் தோட்டத்தில் எத்தனையோ ஃபாதரும் மதரும் என் கையால் படுத்திருக்கிறார்கள். ஒருவருக்கு நான்கு மதர் ஆனபோதும் என் கை தயங்கியதில்லை.

அந்த வருடங்களில் ஒரு புதுத் துரை வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, உள்நாட்டுக்காரர், சுறுசுறுப்பானவர். தொழிலாளர்களின் பழைய குடும்பப் பதிவெல்லாம் குளறுபடியாக இருக்கிறது, எல்லோருக்கும் புது அட்டை எழுத வேண்டும் என்றார். இங்கிலீஷில் அச்சடித்த அட்டை. பெயர், பிறந்த இடம், அப்பா பெயர், அம்மா பெயர், பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு கோடு. ஆட்கள் வரிசையில் வர, நான் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

அப்பாவும் வரிசையில்தான் வந்தார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றார். மற்றவர்கள் முன்னால் அவர் என்னை நீ என்று கூப்பிடுவதில்லை. “எழுதுங்க கிராணிம்மா” என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பீடோர் தாத்தா வைத்த அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெயரும் ஊரும் கேட்காமலே எழுதிவிட்டேன். “அப்பா பேரு?” என்று மட்டும் முறைக்காகக் கேட்டேன். சொன்னார். அதுவும் எனக்குத் தெரிந்த பெயர்தான். எழுதிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போனேன்.

“இன்னொருத்தரும் இருக்காரு” என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருப்பதை அவரால் படிக்க முடியாது.

“கோடு ஒண்ணுதாம்பா இருக்கு” என்றேன்.

“சின்னதா எழுது” என்றார்.

எழுதினேன். அதே கோட்டில், முதல் பெயருக்குப் பக்கத்தில், எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி அந்தப் பெயரையும் எழுதினேன். மை காய்கிறவரை அட்டையைக் கையிலேயே வைத்திருந்தேன். எனக்குக் கண் மறைத்ததால் அம்மா பெயரை எழுதக் கொஞ்ச நேரமானது. அப்பா அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் துரை அட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். ஒன்றில் பேனா நின்றது.

“டூ ஃபாதர்ஸ்?” என்றார்.

“யெஸ், சார்” என்றேன். வேறு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.